கோசோங் அக்கா

அவரை எல்லாரும் கோசோங் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். அது இங்கே வேண்டாம்.

கோசோங் என்றால் மலாயில் காலி, சைபர். தேத்தண்ணிக் கடையில் அந்தச் சொல்லுக்குச் சீனி போடாதே என்று அர்த்தம். தே ஓ கேட்டால் பால் இல்லாமல், சீனி போட்டு வரும். தே ஓ கோசோங் கேட்டால் வெறும் சாயத்தண்ணி. அக்காவிடம் எங்களைப் போன்ற ஆட்கள் எதைக் கேட்டாலும் சாயத்தண்ணிதான் வந்தது. எங்களைப் போன்ற ஆட்கள் என்றால் இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, உள்ளவர்கள்.

கடை லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை விட்டு உள்ளே தள்ளி ஓர் உணவங்காடியில் மூலையில் இருந்தது. முதலாளி வேறு ஆள். அக்கா சம்பளத்துக்கு நின்றார். இப்போது அந்த இடத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள்.

நான் தஞ்சோங் பகாரில் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் கிளீனர். மேலே ஐந்து மாடி என் பொறுப்பு. மதியம் இரண்டு மணிக்கு வேலை முடியும். வீடு ஆங் மோ கியோவில், மகளோடு. அவள் வேலை விட்டு வர ஏழாகும். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அதனால் லிட்டில் இந்தியாவில் இறங்கிவிடுவேன்.

முதல் நாள் ஒரு தே கேட்டேன். கிளாஸை எடுத்தவர் நிறுத்திவிட்டார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து என்னைப் பார்த்தார். கோழி பார்ப்பது மாதிரி.

"எத்தன வருஷமா இருக்கு?"

"என்னது?"

"இனிப்பு நீர்."

"எனக்கா? இல்லையே."

"பொய். கையில பாலிகிளினிக் மருந்துப் பைய வச்சுக்கிட்டு இல்லங்கிற."

பை கையில்தான் இருந்தது. எனக்கே மறந்துபோயிருந்தது. பின்னால் நின்ற ஒரு பெண்பிள்ளை சிரித்தது. கோசோங் வந்தது. குடித்தேன். கசந்தது.

பொய் என்று சொல்வதுதான் அவர் பழக்கம். அதில் கோபம் இருக்காது. மேசையைத் துடைத்துக்கொண்டே சொல்வார், கிளாஸைக் கழுவிக்கொண்டே சொல்வார். ராத்திரி சோறே தொடவில்லை அக்கா. பொய். கல்யாண வீட்டில் ஒரே ஒரு லட்டு அக்கா. பொய். மாத்திரை தவறாமல் போடுகிறேன் அக்கா. பொய். பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் எரிச்சல்.

கடைக்கு முன்னால் ஒரு வட்ட மேசை எங்களுக்கு என்று ஆகிப்போனது. தினம் இருந்தது நானும் கிளார்க் ஐயாவும். கிளார்க் ஐயா துறைமுக ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் எழுதினவர். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். இவர் இங்கேயே பிறந்தவர், ஆனால் பேச்சு அந்த ஊர்ப் பேச்சு. பெண்டாட்டி இல்லை. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். சட்டையை உள்ளே விட்டு, இடுப்பு வார் கட்டி, தேத்தண்ணி குடிக்க வருவார்.

அக்காவிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதில் ரத்தம் பார்க்கிற மிஷின். ஊசி மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். இன்னொருவர் ஊசியை யாராவது தொட்டால் கையில் அடி விழும். வாரம் ஒரு தடவை மேசையில் மிஷின் வரும். ஆளாளுக்கு விரலை நீட்டுவோம். நம்பர் நல்லதாக வந்தால் அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் பாராட்டு.

ஒருநாள் கிளார்க் ஐயா கை நடுங்க வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"தங்கச்சி, எனக்கு லோ ஆயிட்டுது. கை நடுங்குது பார். கெதியா ஒரு தே ஓ, சீனி ரெண்டு கரண்டி போட்டுத் தா."

சீனி ரொம்ப இறங்கினால் அப்படித்தான் ஆகும். நடுங்கும், வேர்க்கும், இனிப்பு உடனே கொடுக்காவிட்டால் ஆள் விழுந்துவிடும். நான் எழுந்துவிட்டேன். அக்கா அசையவில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஐயா, ஒரு கைதான் நடுங்குது."

கிளார்க் ஐயா உடனே மற்றக் கையையும் நடுங்க வைத்தார்.

அக்கா டின்னை எடுத்து வந்தார். விரலில் குத்தினார். பதினாலு. இங்கே கணக்கில் நாலுக்குக் கீழே போனால்தான் லோ. இவருக்கு இறங்கவில்லை, ஏறிக் கிடந்தது.

"துறைமுகத்தில என்ர கையெழுத்த நம்பிக் கப்பலே போனது," என்றார் கிளார்க் ஐயா. "நீ ஒரு கரண்டி சீனிக்கு என்னை நம்பமாட்டன் எண்டுறாய்."

"கப்பலுக்கு இனிப்பு நீர் இல்ல ஐயா."

அன்று மேசையே சிரித்தது. கிளார்க் ஐயாவும் சிரித்தார். கோசோங்கைக் குடித்தார்.

ஏன் யாரையும் நம்புவதில்லை என்று நான் ஒரு தடவை கேட்டேன். மழை பெய்துகொண்டிருந்தது. கடையில் ஆள் இல்லை.

"நான் சொன்ன பொய்தானே நீங்க எல்லாம் சொல்றீங்க," என்றார். "டாக்டர்கிட்ட சொன்னேன். நர்ஸ்கிட்ட சொன்னேன். எம் புருஷன்கிட்ட சொன்னேன். எல்லாரும் நம்புனாங்க. நம்புனதுல கண்ணு போச்சு."

வலது கண். அதில் வெளிச்சம் மட்டும் தெரியுமாம். தலையைச் சாய்ப்பது சந்தேகத்தில் இல்லை, இடது கண்ணால் பார்க்கத்தான். அத்தனை நாள் எதிரில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

என் கால் விஷயம் அதற்குப் பிறகு நடந்தது. ஒருநாள் கடைக்கு நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கால் ஏன் இழுக்குது?"

"இழுக்கல அக்கா."

"பொய். ஷூவக் கழட்டு."

"இங்கயா? ஆளுங்க சாப்பிடுறாங்க."

"கழட்டு."

கழற்றினேன். காலுறை பெருவிரலுக்குக் கீழே பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா குனிந்து அதை உரித்தார். உள்ளங்காலில் ஓர் ஊசி. நோட்டீஸ் போர்டில் காகிதம் குத்துவார்களே, அந்த ஊசி. கூட்டம் போடுகிற அறையைப் பெருக்கும்போது ஷூவைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. எத்தனை நாள் என்று தெரியவில்லை. எனக்கு வலிக்கவே இல்லை. இனிப்பு நீர்க்காரன் கால் அப்படித்தான். செத்த கால்.

கிளார்க் ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து டாக்சி பிடித்தார். கிளார்க் ஐயாவை என்னோடு ஏற்றிவிட்டார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் விரலை எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னார். ஒரு மாதம் கட்டுப் போட்டார்கள். விரல் தப்பியது. விரல் இருந்ததால் வேலை இருந்தது.

அதற்குப் பிறகு அக்காவிடம் நான் பொய் சொன்னதில்லை. தின்றால் தின்றேன் என்பேன். மாத்திரை மறந்தால் மறந்தேன் என்பேன். அவரும் என்னிடம் அந்தச் சொல்லை விட்டுவிட்டார். மற்றவர்களிடம் சொல்வார். என்னிடம் இல்லை. நான் பேசுகிற ஆளும் இல்லை. அவர் கேட்பார், நான் சொல்வேன். அவ்வளவுதான். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போனது.

பிறகு மாத்திரை போதவில்லை என்று எனக்கு இன்சுலின் ஊசி எழுதினார்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று, வயிற்றில். காலை ஊசியைச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போட வேண்டும். போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருக்கவே கூடாது. அக்கா இதை எனக்கு நர்ஸைவிட அதிக தடவை சொன்னார்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை வந்தது. வெறும் வயிற்றோடு போக வேண்டும். முதல் நாளே அக்கா சொல்லிவிட்டார்.

"நாளைக்குக் காலையில ஊசி போட்றாத. ரத்தம் குடுத்துட்டு, சாப்பிடறப்ப போடு. வெறும் வயித்துல போட்டா விழுந்துருவ. காதுல விழுதா?"

"விழுது அக்கா."

காதில் விழுந்தது. ஆனால் கைக்குக் காது இல்லை. விடியற்காலை எழுந்தேன், பல் விளக்கினேன், சட்டையைத் தூக்கி ஊசியைப் போட்டேன். போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. அப்போதே ஒரு ரொட்டியைத் தின்றிருக்கலாம். தின்றால் பரிசோதனை கெட்டுவிடும், இன்னொரு நாள் லீவு கேட்க வேண்டும். சீக்கிரம் போய்விட்டு வந்து தின்னலாம் என்று போனேன். பாலிகிளினிக்கில் கூட்டம். என் நம்பர் வரப் பத்து மணி. அதோடு வெளியே வந்து ஏதாவது தின்றிருக்கலாம். லிட்டில் இந்தியா போய்த் தோசை சாப்பிடலாம் என்று ரயில் ஏறிவிட்டேன். ரயில் மாறுகிற இடத்தில் வேர்க்கத் தொடங்கியது.

தீபாவளிக்கு மூன்று நாள் இருந்தது. உணவங்காடியில் நிற்க இடம் இல்லை. அக்கா கடையில் நீள வரிசை. வரிசையைத் தாண்டிப் பக்கத்தில் போய்க் கல்லாவைப் பிடித்துக்கொண்டேன்.

"தே ஓ அக்கா. சீனி போட்டு."

தலையைச் சாய்த்தார்.

"ஊசி போட்டியா?"

"போட்டேன்."

"சாப்பிட்டியா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அத்தனை தடவை சொன்னவரிடம், வரிசையில் நிற்கிற ஆட்கள் முன்னால், இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சீனி உள்ளே போனால் சரியாகிவிடும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

"சாப்பிட்டேன். சாப்பிட்டுட்டுத்தான் போட்டேன்."

"அப்புறம் என்ன ஆட்டம்?"

"ரத்தம் எடுத்தாங்க. அந்தக் களைப்பு."

பொய் என்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. டின்னை எடுக்கவில்லை. "ரத்தம் எடுத்ததுக்குச் சீனியா? போய் உக்காரு, சரியாப்போயிரும்," என்று கோசோங் கலக்கி என் பக்கம் தள்ளினார். அடுத்த ஆளைப் பார்த்தார்.

மேசைக்குப் போனேன். இரண்டு வாய் குடித்தேன். இனிப்பு இல்லை. நாக்குத்தான் மரத்துவிட்டதோ என்று இன்னொரு வாய் குடித்தேன். கிளார்க் ஐயா எதிரில் ஏதோ சொன்னார். அவர் வாய் அசைந்தது. அதோடு சரி.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. கையில் டிரிப். மகள் பக்கத்தில் நின்றாள். ஆபீஸ் உடுப்பில் இருந்தாள். அழுதிருந்தாள்.

"என்னப்பா குடிச்சீங்க?"

"தே."

"சீனி போட்டா?"

"சீனி போட்டுத்தான் கேட்டேன். கோசோங் குடுத்தாங்க."

"நீங்க கேட்டும் குடுக்கலயா? நடுங்கிட்டு நிக்கிற ஆளுக்கா? சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்த கேக்கலயா அவங்க?"

இங்கே நான் பேசியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறேன் என்று நினைத்து அவள் எழுந்து போனாள். மறுநாள் அவள் எங்கே போனாள் என்பதைக் கிளார்க் ஐயா சொல்லித்தான் தெரிந்தது. ஓர் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்.

"உன்ர மகள் காலமை கடைக்கு வந்தவள். வரிசைக்கு முன்னால நிண்டு கத்தினாள். 'எங்கப்பா செத்திருந்தா நீங்க வருவீங்களா? நீங்க என்ன டாக்டரா?' எண்டு. சனம் எல்லாம் பாத்துக்கொண்டு நிண்டது. முதலாளியும் வந்திட்டார். இனி ஆர் என்ன கேட்டாலும் கேட்டதக் குடு, ஒண்டும் கேளாத எண்டிட்டார்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒரு சொல்லுச் சொல்லேல்ல, தம்பி. கிளாஸக் கழுவிக்கொண்டு நிண்டாள்."

ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். கிளார்க் ஐயாவிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தேன். வேலைக்குப் போனேன். ரயில் லிட்டில் இந்தியாவில் நிற்கும், கதவு திறக்கும், மூடும். நான் இறங்கவில்லை. ஒரு மாதம் போனது. இரண்டாவது மாதமும் போனது. மகள் இரண்டு முறை "அந்தக் கடப்பக்கம் போகாதீங்கப்பா" என்றாள். சரி என்றேன். விரலைக் காப்பாற்றினவரை மகள் திட்டுகிறாள், நான் சோற்றைப் பிசைந்துகொண்டு இருக்கிறேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் படுப்பேன்.

பிறகு கிளார்க் ஐயா போன் செய்தார்.

"என்ன தம்பி, வாறேல்லை?"

"வேலை ஐயா. நீங்க எப்படி? கோசோங்தானா?"

"இல்லை. இப்ப கேட்டா சீனி போட்டுத் தாறாள். ரெண்டு கரண்டி எண்டா ரெண்டு கரண்டி."

"உங்களுக்குச் சந்தோஷம்தானே?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். நேற்று எனக்குப் பதினெட்டு. போய்ச் சொன்னனான், திட்டுவாள் எண்டு. 'சரி ஐயா' எண்டாள். அவ்வளவுதான். டின்னும் இல்லை. மேசையில இப்ப நான் தனியத்தான் இருக்கிறன்."

அன்று ராத்திரி மகள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"அன்னிக்கு அக்கா கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"சாப்பிட்டியான்னு. சாப்பிட்டேன்னு சொன்னேன். சாப்பிடல."

கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

"நான் அவங்கள எப்படி எல்லாம் பேசிட்டு வந்தேன் தெரியுமாப்பா?"

"தெரியும்."

"ரெண்டு மாசம், ப்பா."

"ஆமா."

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். கிளார்க் ஐயா மேசையில் இருந்தார். எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார், பிறகு இறக்கிவிட்டார். அக்கா இளைத்திருந்தார். வரிசையில் பத்துப் பதினைந்து பேர். மகள் போய்க் கத்தியது வரிசைக்கு முன்னால். அதனால் நானும் அங்கேயே சொல்ல வேண்டும் என்று வரும்போதே நினைத்திருந்தேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்தது.

"என்ன வேணும்?" என்றார். நிமிரவில்லை.

"அன்னிக்கு நான் சாப்பிடல." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "சாப்பிட்டேன்னு அக்காகிட்ட பொய் சொன்னேன். தப்பு என் மேல. அவங்க மேல ஒண்ணும் இல்ல."

வரிசையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அன்று நின்றவர்களில் ஒருவரும் இதில் இல்லை. பின்னால் கழுத்தில் ஆபீஸ் அட்டை போட்ட பையன் எட்டிப் பார்த்தான்.

"அங்கிள், ஆர்டர் பண்ணிட்டீங்களா இல்லையா லா?"

"சாரி ஆண்டி," என்றாள் மகள்.

அக்கா கையைத் துணியில் துடைத்தார். தலையைச் சாய்த்து, முதலில் அவளைப் பார்த்தார். பிறகு என்னை.

"தெரியும். நீ கீழ கெடந்தப்பவே தெரியும்."

"அப்ப ஏன் அக்கா எம் மககிட்ட சொல்லல?"

"நீ வந்து சொல்லுவேன்னு நெனச்சேன்," என்றார். "அத்தன பேருல ஒன்ன ஒருத்தனத்தான் நம்பி வச்சிருந்தேன். மறுநாள் சொல்லுவேன்னு பாத்தேன். அதுக்கடுத்த நாள் பாத்தேன். அப்புறம் பாக்கல."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"தள்ளி நில்லு தம்பி. ஆளு நிக்குது."

தள்ளி நின்றேன்.